இரண்டு கால் மட்டும் முழுசு

யோகமலருக்குக் கவலைப்படுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று சொன்னால் அது அநியாயம். அவளுக்கு நன்றி சொல்லவும் தெரியும். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் இருப்பவள். நாளுக்கு நாற்பது தரமாவது ஆங்கிலத்தில் நன்றி சொல்லித்தான் போனை வைப்பாள். அப்பொயின்ற்மென்ற்றைத் தவறவிட்டவருக்கும் நன்றி, தவறவிடப் போகிறவருக்கும் முன்கூட்டியே நன்றி. தமிழ் ஆட்கள் எடுத்தால் மட்டும் நன்றி கிடையாது. "எப்பவிருந்து நோகுது? இவ்வளவு நாளும் என்ன செய்தனியள்?" என்று ஓர் ஏச்சு விழும். சொந்தக்காரருக்கு ஏச்சு, மற்றவருக்கு நன்றி என்பது அவளுடைய கணக்கு.

வீட்டிலும் அதே சட்டம்தான். கணவன் ஜனார்த்தன் தேத்தண்ணி போட்டு நீட்டினால், "சாயம் கூடிப்போச்சு" என்பாள். பதினொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் மற்றவர், வைத்தியர் ஏதோ சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று பயந்திருப்பார்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நன்றி சொல்வதற்கென்றே ஒரு திருநாள் நுழைந்தது. தாங்க்ஸ்கிவிங், ஊரெல்லாம் முழு வான்கோழி சுடும் ஒக்டோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை. இத்தனை வருடமும் அந்த நாள், உடுப்புத் தோய்த்து, குளிர் ஜக்கெற்றுகளை பேஸ்மென்ற்றில் இருந்து மேலே கொண்டுவருவதில் இனிதே கழிந்துவந்தது. இந்த வருடம் மூத்தவள் அட்சயா அதைக் கெடுத்தாள். எட்டு வயது.

அட்சயாவின் வகுப்புத் தோழி கிளேர். கிளேரின் தாய் ஒரு நேர்ஸ். அந்தத் திங்கட்கிழமை அவளுக்கு வேலை. "அப்ப எங்கட வீட்டுக்கு வா. நாங்கள் எவ்ரி இயர் ஒரு முழு ரேர்க்கி சுடுறனாங்கள்" என்று அட்சயா அழைத்துவிட்டாள். நாலு வயதுத் தம்பி மிதுனன் நிறந்தீட்டிய படத்தைத் தவிர, வான்கோழி என்று எதுவும் அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

பொய்க்கு யோகமலர் ஏசியிருக்க வேண்டும். ஏசவில்லை. போன வசந்தத்தில் பள்ளியில் எல்லோரும் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோன நாளில், வாசலிலேயே அட்சயா சொன்னாள்: "அம்மா, நீங்கள் குடுத்திட்டுப் போங்கோ. உள்ள வரத் தேவையில்லை." அந்த வசனத்தை யோகமலர் ஏழு மாதமாக உருட்டிக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் போய்வந்த மகள், இதுவரை ஒருவரையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. கேட்டால், "வீடு கறி மணக்கும்" என்பாள். முதன்முதலாக ஒரு பிள்ளை வரப்போகிறது. அந்தப் பிள்ளை இன்னொரு தடவையும் வரவேண்டும். யோகமலருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எனவே ஆராய்ச்சி தொடங்கியது. பத்தொன்பது வீடியோ பார்த்தாள். இறைச்சியின் காய்ச்சலை அளக்க ஒரு தேர்மோமீற்றர் வாங்கினாள். மணத்துக்கு எதிராக வாசலில் இரண்டு மெழுகுதிரி, படுக்கையறைக் கதவின் கீழே ஈரத்துவாய், ஜக்கெற்றுகள் எல்லாம் உள்ளே பத்திரமாக. ஒரு சின்ன நாட்டைப் பாதுகாக்க இது போதும்.

வான்கோழிப் பொறுப்பை அஜக்ஸில் இருக்கும் றெமிஜியஸ் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். ஜனார்த்தன் கனடா வந்த புதிதில் அவனோடு ஒரே அறையில் கிடந்தவர், கிறிஸ்தவர். "நாங்கள் வேதக்காரர் தங்கச்சி. நத்தார், ரேர்க்கி எல்லாம் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. நீர் அவனைச் சூடாக்கி வையும்" என்றார். அவன் என்றது சுடும் அடுப்பை, ஜனார்த்தனை அல்ல.

திங்கள் காலை பத்து மணிக்கு றெமிஜியஸும் மனைவி ஷாமிலாவும் வந்து இறங்கினார்கள். அவர் கையில் ஐந்து பொலித்தீன் பைகள்.

"ரேர்க்கி எங்க அண்ணை?" என்று யோகமலர் கேட்டாள்.

"உதுதான்."

பைகள் மேசையில் இருந்தன. உள்ளே தோலுரித்து, கழுவி, கட்டைவிரல் அளவில் அழகாக வெட்டப்பட்ட துண்டுகள்.

"எங்கட இறைச்சிக்கடையில ஓடர் குடுத்தனான். பதினைஞ்சு றாத்தல். என்ன துண்டு அண்ணை எண்டான். வழமையான துண்டு எண்டன்."

"வழமையான துண்டோ?"

"கறித்துண்டு. முழுசா ஆர் தங்கச்சி தின்னுறது? உள்ளுக்கு உப்பும் ஏறாது, தூளும் ஏறாது."

இருபத்தைந்து வருடமாக அந்தக் கடையில் எந்த மிருகம் வந்தாலும் அந்த ஒரே பதில்தான். யானையைக் கொண்டுபோனாலும் வழமையான துண்டாகத்தான் வெளியே வரும்.

"நான் காருக்குள்ளேயே பாத்திட்டன்" என்றாள் ஷாமிலா. "சொல்லிப் பயனில்லை எண்டு பேசாமல் வந்தனான்."

ஜனார்த்தன் ஒரு பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். "பொறுமையா இருந்தால் ஒட்டலாம்" என்றான். அவன் எயார்போர்ட்டில் சரக்குப் பெட்டிகள் அடுக்குபவன். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு பையைக் கீழே வைத்தான்.

"இஞ்சருங்கோ, மூண்டு மணிக்கு அந்தப் பிள்ளை வருது. இனி எந்தக் கடையில முழு ரேர்க்கி வாங்கி, எப்ப ஐஸ் கரைச்சு, எப்ப சுடுறது?" யோகமலரின் குரல் உடையப் பார்த்தது.

"அந்தரப்படாதையும்" என்றார் றெமிஜியஸ், ஐந்தாவது பையை அவிழ்த்தபடி. "நான் விசரனே? கால் ரெண்டையும் முழுசா விடச் சொன்னனான். பிள்ளையளுக்கு எண்டு."

இரண்டு பெரிய கால்கள் தோலோடு உள்ளே கிடந்தன. யோகமலர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோக்களில் வான்கோழியின் உடம்பு எப்படி இருந்தது? மண்ணிறமாக, ஒரு மேடு மாதிரி. அலுமாரியைத் திறந்தாள். போன வருடம் ஜனார்த்தனுக்கு வந்த சீனி வருத்தம் குடும்பத்துக்கு உதவிய ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும். உள்ளே அவனுக்கென்று வாங்கிய நாலு பக்கெற் குரக்கன் மா இருந்தது, மண்ணிறக் கேழ்வரகு மா.

அதன்பிறகு நடந்ததைச் சமையல் என்று சொல்வதா, கட்டட வேலை என்று சொல்வதா தெரியவில்லை. குரக்கன் புட்டை அவித்து, சூட்டோடு தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து, பெரிய தட்டில் குவித்தாள். ஷாமிலா கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வான்கோழியின் நெஞ்சை எழுப்பினாள். "உது ஆமை மாதிரிக் கிடக்கு" என்று ஜனார்த்தன் அபிப்பிராயம் சொன்னதால் கராஜுக்கு அனுப்பப்பட்டான். அங்கே றெமிஜியஸ் காஸ் அடுப்பில் கறித்துண்டுகளைப் பிரட்டிக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டு நாய் வேலியோடு நின்று தும்மியது. அவனில் வெந்த கால்களுக்குத் தேர்மோமீற்றரை மூன்று தரம் குத்திப் பார்த்து, யோகமலர் புட்டின் இரண்டு பக்கமும் செருகினாள். மேலே பட்டர் பூசினாள். தள்ளி நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், வான்கோழிதான்.

மூன்று மணிக்கு கிளேர் வந்தாள். தாய் நேர்ஸ் உடுப்போடு வாசலில் நின்று பூசணிக்காய் இனிப்பு ஒன்றை நீட்டி, நல்ல மணமாக இருக்கிறதே என்றாள். மணம் என்ற சொல் விழுந்ததும் யோகமலர் வாசல் மெழுகுதிரிகளைத் திரும்பிப் பார்த்தாள். போனில் நாள்முழுக்க இனிமையாகப் பொய் சொல்பவளுக்கு, மற்றவர்களின் இனிமையில் நம்பிக்கை வருமா?

எல்லோரும் மேசையில் இருந்தார்கள். கிளேர் தட்டைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். நடுவில் இருந்ததைக் கனநேரம் பார்த்தாள்.

"உது புட்டு" என்றான் மிதுனன், உண்மையின் பக்கம் நின்று.

இது கோழியா என்று கிளேர் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள். யோகமலர் மகளின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் உப்புப்போத்தலைப் பார்த்தாள்.

"இது ரேர்க்கி" என்றாள் அட்சயா, கண் சிமிட்டாமல். "நாங்கள் இப்படித்தான் செய்யிறனாங்கள். ஒவ்வொரு வருஷமும். கால் எலும்போட, உடம்பு எலும்பில்லாமல்." இவ்வளவையும் ஆங்கிலத்தில், நூறு வருடப் பாரம்பரியத்தின் வாரிசு போலச் சொன்னாள். பிறகு ஒரு காலைப் பிடுங்கி கிளேரின் தட்டில் வைத்தாள். மற்றதை மிதுனன் ஏற்கெனவே கடித்துவிட்டிருந்தான். அட்சயாவுக்குக் கால் மிஞ்சவில்லை.

நாங்கள் என்றாளே என்று யோகமலர் உப்புப்போத்தலுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும் என்று அட்சயா சட்டம் போட்டாள். கிளேர் தன் பூனைக்குச் சொன்னாள். ஜனார்த்தன் லோங் வீக்கென்ட்டுக்குச் சொன்னான். யோகமலரின் முறை வந்தது. நாளுக்கு நாற்பது தரம் சொல்பவள் மறுபடி உப்புப்போத்தலைப் பார்த்தாள். "கால் ரெண்டையும் முழுசா விட்ட இறைச்சிக்கடைத் தம்பிக்கு" என்றாள்.

"விடச் சொன்னது நான்" என்றார் றெமிஜியஸ்.

"நீங்கள் பேசாமல் சாப்பிடுங்கோ அண்ணை. உங்களோட எனக்குக் கோவம்."

றெமிஜியஸ் திருப்தியாகக் கறியை வாரிக்கொண்டார்.

ஏழரைக்குத் தாய் வந்தபோது கிளேர் சப்பாத்துப் போட்டபடி அறிக்கை கொடுத்தாள்: கால் மிக நன்று, உடம்பு கொஞ்சம் வறண்டுவிட்டது.

"வான்கோழி என்றால் அப்படித்தான்" என்று தாய் யோகமலருக்கு ஆறுதல் சொன்னாள். "எங்கள் வீட்டிலும் எப்போதும் அப்படித்தான் ஆகும்."

கிளேர் நிமிர்ந்து, சனிக்கிழமையும் வரலாமா என்று கேட்டாள். அட்சயாவிடம் இல்லை, யோகமலரிடம்.

யோகமலர் நன்றி சொல்லத்தான் வாய் திறந்தாள். வந்தது வேறு. "வரலாம், முதல்ல ஜக்கெற் சிப்பை மேல இழு. உந்தக் குளிருக்க நெஞ்சைத் திறந்துகொண்டு போறாய். பிறகு ஆர் இருமுறது?"

தமிழில்தான் ஏசினாள். கிளேர் சிப்பை மேலே இழுத்தாள்.