ரொம் டோலனுக்கு நான் வைத்த இரண்டு குத்துவிளக்கு

உயிரோடிருந்த ஒரு மனிதரை நான் சாகடித்திருக்கிறேன். இருநூறு பிரதிகளில். வழவழப்பான தாளில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்து, நடுவில் அவருடைய படத்தைப் போட்டு, கீழே 'ஓம் சாந்தி' என்று தமிழிலும் எழுதி. அவர் அயர்லாந்துக்காரர், கத்தோலிக்கர். அந்தப் புத்தகக் கட்டை எடுத்துப் போகக் கடைக்கு வந்தவரும் அவரேதான். இந்த நாட்டுக்கு வந்தபிறகு இதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் தனி ஆள் இல்லை என்ற ஆறுதலாவது கிடைக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாஸாவின் மூலையில், மரக்கறிக் கடைக்கும் வீடியோக் கடைக்கும் நடுவில் இருந்தது சிவம் அண்ணையின் அச்சகம். நான் அங்கே கொம்பியூட்டரில் எழுத்துக் கோக்கிறவன். எங்கள் சனத்தின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒற்றை அறைக்குள்ளால்தான் போய்வந்தது. பிள்ளை பெரிசானால் ஓர் அட்டை, கலியாணத்துக்கு ஓர் அட்டை, ஆள் போய்விட்டால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர். ஊரில் செத்தவருக்கும் இங்கேதான் மலர் அடிப்போம். பிரேதத்தைப் பார்க்கப் போக முடியாத பிள்ளைகள், தாளிலாவது குறை வைக்கக்கூடாது என்று பக்கத்தில் வந்து நிற்பார்கள். அதனால் விளக்கு, பூச்சட்டம், தோற்றம், மறைவு எல்லாம் கொம்பியூட்டருக்குள் தயாராகக் கிடக்கும். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். அப்படிச் செய்ததுதான் பிரச்சினை.

அந்த நேரம் என் மனைவி வசந்தி, யாழ்ப்பாணத்தில் என் அம்மாவோடு இருந்த வீட்டை விட்டுக் கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜில் சூட்கேசைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளைக் கூப்பிடுகிற விண்ணப்பத்தோடு, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் போகவேண்டும். மற்றக் கடதாசிகள் எல்லாம் தயார். கடிதம்தான் சிவம் அண்ணையின் பேனா முனையில் தொங்கிக்கொண்டு நின்றது.

"உதுக்கென்னடா, தாறன்," என்றார். "முதல்லை உந்த ஐரிஷ்காரற்றை புத்தகத்தைப் பிழையில்லாமல் முடி. எங்களை நம்பி முதன்முதலா ஒரு வெள்ளைக்காரி வந்திருக்கிறா. அதுக்குப் பிறகு திங்கட்கிழமை வா, கையெழுத்துப் போடுறன்."

அந்த வெள்ளைக்காரி மிஸிஸ் ரைலி. அயர்லாந்தில் லீற்றிம் என்ற மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் ரொறன்ரோவில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருடாந்த விருந்துக்கு ஒரு மலர் போடவேண்டும் என்று, கையால் எழுதிய தாள்களை ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்தா. ஊர்ச் சங்கம், வருடாந்த விருந்து, மலர். வெள்ளைக்காரருக்கும் இந்த வியாதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தட்டத் தட்ட நான் லீற்றிம்காரன் ஆகிக்கொண்டு வந்தேன். சின்னச் சின்னக் குன்றுகள், பனையோலைக் கடகங்களைக் கவிழ்த்து வைத்ததுபோல. இடையிடையே ஏரிகள், ஷனொன் ஆறு, மேலே ஓயாத மழை. ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்து, அதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் கண்டவன் நான், ஆகவே கொஞ்சம் பொறாமைப்பட்டேன். ஆனால் கடல் என்று பார்த்தால், பக்கத்து மாவட்டங்கள் இரண்டும் இரக்கப்பட்டு விலகி இடம் விட்டதுபோல ஒரு துண்டுக் கரை; அப்போது பொறாமை போய்விட்டது. கோரைப்புல் முளைக்கிற ஈர வயல்கள், வயலுக்கு வயல் முட்செடி வேலி, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர். காணிக்குப் பெயர் வைக்கிற சனம் எங்களைத் தவிர வேறும் உண்டு. ஒரு முழ வேலிக்காக இரண்டு தலைமுறை கோட்டுக்குப் போன குடும்பம் ஒன்றின் கதையும் இருந்தது. அதைத் தட்டி முடித்ததும் லீற்றிம்காரர் நல்ல மனிசர் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

கல்லால் கட்டிய, குனிந்து நுழைகிற கூடுகள் அங்கே மலையோரங்களில் இருக்கின்றனவாம். உள்ளே நெருப்பு மூட்டிக் கல்லைச் சூடேற்றி, தணலை வெளியே வாரிவிட்டு, வாதக்காரர்கள் போய் வியர்க்க வியர்க்க இருப்பார்கள். பிறகு ஓடிவந்து குளிர்ந்த ஓடையில் விழுவார்கள். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடத்தில் நாங்கள் ஐந்து பேர் இருந்த வீட்டில் ஹீற்றர் நிற்காமல் எரிந்ததும், தாங்காமல் தை மாதத்தில் பனியனோடு பல்கனியில் போய் நின்றதும் இதே வைத்தியம்தான். அதுவரை எங்களுக்கு அதன் அருமை தெரியவில்லை. வயல் நடுவே தனியாக நிற்கும் முள்மரத்தை அங்கே ஒருவரும் வெட்டமாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் அதில் குடியிருக்கிறார்கள். முனி இருக்கிற மரத்தடியால் ஓட்டமாய்ப் போய் வளர்ந்தவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பிறகு, உருளைக்கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகிப்போன பஞ்சம். வீடு வீடாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கப்பல் ஏறினார்கள், அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக ஏறிக்கொண்டே இருந்தார்கள். கூரை போன கல்வீடு ஒன்றின் படம் இருந்தது. அடுப்படிக்குள் ஒரு மரம் வளர்ந்து நின்றது. அந்தப் படத்தைப் பக்கத்தில் பதித்தபோது மட்டும் நான் ஒரு பகிடியும் விடவில்லை.

எல்லாம் முடிகிற நேரம், வியாழக்கிழமை, மிஸிஸ் ரைலி மூச்சு வாங்க வந்தா. லீற்றிமிலிருந்து பிந்தி வந்த ஒரு கடிதம், ஒரு பழைய படம்.

"இது ரொமியைப் பற்றியது. நடுப்பக்கத்தில் போடுங்கள். வடிவாகச் செய்யுங்கள், அந்தப் பாவத்துக்கு அது சேரவேண்டியது," என்றா. நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. விளங்காத இடத்தில் தலையாட்டுவதுதான் நான் கனடாவில் படித்த முதல் ஆங்கிலம்.

கடிதம் ரொமியின், அதாவது ரொம் டோலனின், தமக்கை எழுதியது. ரொமிக்கு இருபது வயது. அயல் முழுவதும் வீட்டில் கூடியிருந்தது. வந்தவர்களுக்குத் தேநீரும் புகையிலையும் கொடுத்தார்கள். கறுப்புச் சால்வை போர்த்த ஒரு கிழவி ஒப்பாரி வைத்தாள், தாய் மகனுடைய முகத்தைத் தடவித் தடவி அழுதா. விடிந்ததும் ஆண்கள் அவனோடு சந்திவரை நடந்தார்கள். தாய் கேற்றடியில் நின்றுவிட்டா. 'அதற்குப் பிறகு நாங்கள் அவனைக் காணவேயில்லை' என்று கடிதம் முடிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெண்கள் படலையோடு நிற்க ஆண்கள் மட்டும் நடக்கிற பயணம் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். படத்தில் இருந்த பெடியனின் பெரிய காதுகளைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. விளக்கை ஏற்றினேன், சட்டம் போட்டேன், அந்த விடியலுக்குக் கடிதம் சொன்ன திகதியை மறைவு என்று பதித்தேன். மற்றப் பக்கங்களைப் போல இதை மிஸிஸ் ரைலிக்குக் காட்ட நேரமில்லை. அன்று பின்னேரமே அச்சேறியது.

வெள்ளி மத்தியானம் உயரமான ஒரு கிழவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மிஸிஸ் ரைலி புத்தகப் பெட்டிகளை எடுத்துவரச் சொன்னதாகச் சொன்னார். ரசீதில் எழுதப் பெயர் கேட்டேன்.

"டோலன். ரொம் டோலன்."

செத்தவரின் பெயரைக் குடும்பத்தில் திரும்ப வைத்திருக்கிறார்கள், நல்ல பழக்கம், என்று நினைத்தேன். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், ஐயா."

"எந்த இழப்பு?"

"இளம் வயது. உங்கள் பெரியப்பாவா?"

"யார்?"

"காலஞ்சென்ற மிஸ்ரர் ரொம் டோலன்."

"காலஞ்சென்றவரை நான் பார்க்கலாமா?" என்றார்.

நடுப்பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் காதுகளைக் கவனித்தேன். மனிசனுக்கு முடி கொட்டும், பல் விழும், முதுகு வளையும். காது மட்டும் அப்படியே இருக்கும். படத்திலிருந்த இரண்டு காதுகளும் என் முன்னால் நின்றன.

"என்னடா, ஏன் முழிக்கிறாய்?" என்று மெஷினுக்குப் பின்னாலிருந்து சிவம் அண்ணை கேட்டார்.

"அண்ணை, இவர் இருக்கிறார்."

"ஆர்?"

"நடுப்பக்கம்."

சிவம் அண்ணை வந்து பார்த்தார். பக்கத்திலிருந்த தாள் கட்டின் மேல் அப்படியே குந்திவிட்டார். பிறகு வாடிக்கையாளருக்கு விளங்காதபடி, முகம் நிறையச் சிரிப்போடு தமிழில் சொன்னார்: "வேலைக் கடிதத்தைக் கனவிலையும் நினையாதை. நீயும் நாளையிலை இருந்து வராதை."

எனக்குக் கொழும்பு லொட்ஜும் கட்டிய சூட்கேசும் கண்ணுக்கு முன்னால் வந்தன. டோலன் தமக்கையின் கடிதத்தை வரி வரியாக வாசித்தார். அவருக்குத் தெரியாமல் மிஸிஸ் ரைலி ஊரிலிருந்து எடுப்பித்த கடிதம் அது. வாசித்து முடித்துவிட்டு விளக்கின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"போகிறவருக்கு வழி தெரிவதற்கு."

"இந்த எழுத்து?"

"அமைதி உண்டாகட்டும் என்று."

"தேவைதான்," என்றார். "நான் செத்தேன் என்று உமக்கு யார் சொன்னது?"

தாய் கேற்றடியில் நின்றதைச் சொன்னேன். எங்கள் ஊர் வழக்கத்தையும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதன் பிறகு எனக்கு விளங்கியது இதுதான்: அமெரிக்கா போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று அந்த ஊருக்குத் தெரியும். ஆகவே போவதற்கு முதல்நாளே செத்தவீட்டை நடத்திவிடுவார்கள். அமெரிக்கன் வேக், அதாவது அமெரிக்கச் செத்தவீடு, என்று அதற்குப் பெயர். அவர் வெளிக்கிட்ட காலத்தில் வழக்கம் அருகிவிட்டது, ஆனால் அவருடைய தாய் விடவில்லை. கனடாவும் அவவுக்கு அமெரிக்காதான்.

"என் செத்தவீட்டில் அதிகம் ஆடியவன் நான்தான்," என்றார். "இரண்டு வருடத்தில் திரும்பி வந்து இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று இருந்தேன். சுரங்க வேலை கிடைத்தது. நீர் வேலைக்கு ஏறி வருகிற நிலத்தடி ரயிலுக்குக் குடைந்தவர்களில் நானும் ஒருவன். அம்மா நாலாம் வருடம் போய்விட்டா. அதற்குப் பிறகு, அப்படி அழுது அனுப்பியவர்களுக்கு முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது."

சிவம் அண்ணை எழுந்தார். "சேர், விடியிறதுக்குள்ளை திரும்ப அடிச்சுத் தாறம்," என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னார்.

"ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்," என்றார் டோலன். "திகதிகூடச் சரி. இந்தப் பையனை ஏசவும் வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உம்முடைய வீட்டில் யார் அழுதது?"

நான் வெளிக்கிட்டது நடுமத்தியானத்தில், சைக்கிளில், கையில் ஒரு சந்தைப் பையோடு. அந்தச் சண்டைக் காலத்தில், ஊரை விட்டுப் போகிறவனை மறிக்கிறவர்கள் இருந்தார்கள், போனபிறகு வீட்டுக்கு வந்து விசாரிக்கிறவர்களும் இருந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்டால் அயலுக்கு விளங்கிவிடும். அம்மா படலைக்கு வந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடியதாக, "அரைக் கிலோ வெங்காயம், மறந்திடாதை," என்றா. நான் "ஓம்" என்றேன். அந்த வெங்காயத்தை இன்னும் வாங்கிக் கொடுக்கவில்லை.

"ஒருவரும் அழவில்லை," என்றேன் டோலனிடம். "வெங்காயம் வாங்கிவரச் சொன்னார்கள்." என் பகிடிக்குச் சிரிக்காத முதல் ஐரிஷ்காரர் அவர்தான்.

அடுத்தநாள் பின்னேரம் விருந்து மண்டபத்துக்கு என்னையும் சிவம் அண்ணையையும் டோலன் அழைத்திருந்தார். மிஸிஸ் ரைலி என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினா. அடிக்கத்தான் என்று நினைத்து ஒதுங்கினேன்; கட்டிப்பிடிக்கத்தான். டோலன் மலரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தன்னுடைய நினைவு மலருக்கு வருகை தந்தவர்களுக்கு நன்றி என்றார். மண்டபம் சிரித்தது. பிறகு தமக்கையின் கடிதத்தை வாசித்தார், கேற்றடி வந்ததும் மலரைப் பக்கத்திலிருந்த ஒரு கிழவரிடம் நீட்டினார், அந்தக் கிழவர் மிச்சத்தை வாசித்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைத் தலைகள் ஒவ்வொன்றாக எங்கள் மேசைக்கு வந்தன. அவர்களில் சிலருக்கும் அப்படி ஒரு செத்தவீடு நடந்திருந்தது. ஒரு மனிசி தன் இளவயதுப் படத்தைக் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து, தனக்கும் அதே விளக்கு வேண்டும் என்றா. சிவம் அண்ணை கோட்டுப் பொக்கற்றிலிருந்து கொப்பியை எடுத்துப் பெயர் பதியத் தொடங்கினார். உயிரோடிருக்கும்போதே மலருக்குச் சொல்லிவைக்கிற வாடிக்கையாளர்களை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. திங்கட்கிழமை காலமை, நான் கேட்காமலே, வேலைக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. என்னைப் பற்றி 'மிகக் கவனமான தொழிலாளி' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்தப் பொய்க்கு அவருக்கும், 'திகதிகூடச் சரி' என்ற உண்மைக்கு டோலனுக்கும் நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். காலமையில் சேபர்ன் ஸ்ரேசனில் ரயில் இருட்டுக்குள் நுழையும்போது, இந்தப் பாதையை எங்களுக்கு முந்தி வந்த யாரோ ஓர் அழுத தாயின் பிள்ளை வெட்டியிருக்கிறான் என்று நினைக்கிறேன். இந்த நகரம் எனக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது.

அடுத்த வருடம் இலை உதிரத் தொடங்கிய நேரம் வசந்தி வந்து சேர்ந்தாள். விமானநிலையத்துக்கு டோலன் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து, அவள் தேத்தண்ணி குடித்து ஆறியபிறகு, மலரை எடுத்து நடுப்பக்கத்தைக் காட்டிக் கதை முழுவதையும் சொன்னேன். என்னுடைய பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவள் படத்தையும், கீழே காரடியில் இன்னும் போகாமல் நிற்கிற டோலனையும் ஜன்னலால் மாறி மாறிப் பார்த்தாள். சிரித்தாள். டோலன் கேட்ட கேள்வி எனக்குள் ஒரு வருடமாகக் கிடந்தது. வேறு யாரிடம் கேட்பது?

"அண்டைக்கு நான் வெளிக்கிட்டாப் பிறகு," என்றேன், "அம்மா அழவேயில்லையோ?"

வசந்தி மலரை மூடி வைத்தாள்.

"மாமி பொழுதுபடுமட்டும் கிணத்திலை தண்ணி அள்ளினவ, கப்பிச் சத்தத்திலை எனக்கொண்டும் கேக்கேல்லை."