அடுகோடியில் பார்த்த ரங்கூன்

பத்தாம் வகுப்பில் தேறாதவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். நான் எழுதி மற்றவர்கள் படிப்பதா என்று தயக்கமாகத்தான் இருக்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குச் சூளகிரியில் பஸ் ஏறி, ஓசூரில் மாறி, பொம்மனஹள்ளியில் இறங்கியபோது மணி ஒன்பதரை. மகள் கவிதா காத்திருந்தாள். அடுகோடியில் படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறையில் அவளுக்கு வேலை. அவள் செய்த பெரிய சட்டம் ஒன்றைப் பார்க்கத்தான் போனேன்.

கல்குவாரியில் வெடி வைப்பது என் தொழில். போன மாதம் நான் வைத்த வெடியில் கல் பறந்து, ஏரிக்கரையில் நின்று வேடிக்கை பார்த்த எங்கள் ஊர் ராஜம்மாவுக்கு ஒரு கால் போய்விட்டது. விசில் அடித்து, நாலு பக்கமும் ஆள் இல்லை என்று பார்த்த பிறகே வெடிக்க வேண்டும். அன்று விசில் அடித்தேன். ஏரிப் பக்கம் ஏறிப் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதிய தாளில் திங்கட்கிழமை விசாரணையில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார் முதலாளி. போட்டால் ராஜம்மாவுக்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்காது. போடாவிட்டால் என் லைசென்ஸ் போகும். விசில் கேட்டும் நின்றவள் தப்புதானே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அடுகோடிக்கு ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்று நாற்பது ரூபாய்.

"ஜாஸ்தியா இருக்கேப்பா?"

"ஓட்றதுக்கு எழுபது, டிராஃபிக்ல நிக்கிறதுக்கு எழுபதுண்ணா," என்றார் டிரைவர்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய ஷெட். சுவர் முழுக்க ஒரே படம், பதினெட்டு அடி நீளம். ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்ட நாள் என்றாள் கவிதா. நெருப்பும் பிணமுமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. தெருக்கோடியில் மட்டும் புகை எழும்பியிருந்தது. மேலே அரிசி மணி அளவில் வெள்ளி விமானங்கள். மற்ற இடமெல்லாம் ஜனங்கள். ரிக்‌ஷாக்காரர், மாடியில் துணி உலர்த்துகிறவள், தோளில் பிள்ளையோடு ஒருவர். எல்லோரும் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவர்கூட ஓடவில்லை.

"படத்த அப்புறம் பாருப்பா. சட்டத்தோட மூலையப் பாரு, இடைவெளி இருக்கா?" என்றாள் கவிதா.

நான் படத்தையே பார்த்தேன். வெடியில் புகைதான் முதலில் தெரியும், சத்தம் பின்னால் வரும். படத்தில் புகைக்கும் ஜனங்களுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர் இருக்கும்.

"இவங்களுக்கு இன்னும் சத்தம் கேக்கல. மூணு செகண்ட் இருக்கு," என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

படத்தை வரைந்த அம்மா பக்கத்தில்தான் நின்றிருக்கிறார். "சார், ஒரு வருஷம் அதுக்குத்தான் கஷ்டப்பட்டேன். யாருமே கண்டுபிடிக்கல. என்ன வேலை பண்றீங்க?"

கூச்சத்தில் கவிதாவைப் பார்த்தேன். கவிதாதான் சொன்னாள்.

"உள்ள போகச் சொல்லி யாரும் சங்கு ஊதலையாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஊதியிருப்பாங்க. ஆனா வானத்துல பளபளன்னு போனா யார் சார் பாக்காம இருப்பாங்க? நீங்களும் நானும்கூட நின்னிருப்போம்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாரும் தப்பு செய்கிறவர்கள் மாதிரி இல்லை. கோயில் தேரைப் பார்ப்பது போல நின்றார்கள்.

"சட்டம் எப்படிப்பா?"

"ஒரு நூல் இடைவெளி இல்லம்மா," என்றேன். உண்மையும் அதுதான்.

மாலை ஐந்துக்கு ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டிடங்கள் வெயிலில் மின்னின. எங்கள் பக்கம் இத்தனை உயரத்துக்குப் பாறைதான் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக வெடியைத்தான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்ததில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு விசாரணை. ஏரிப் பக்கம் பார்க்கவில்லை என்று சொன்னேன். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.