பெர்சியின் சட்டை அளவு

தூத்துக்குடி வாகைக்குளத்திலிருந்து விமானம் கிளம்பி ஏரலுக்கு மேலே போகும்போதெல்லாம் ஜாய் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "எங்க பெர்சி ஏத்திவிட்ட பிளேன்" என்பாள்.

"ஏளா, தலையில தூக்கியா ஏத்திவிட்டான்?" என்று எதிர்க்கடைச் சுடலைமாடத்தி சிரிப்பாள்.

தம்பி பெர்சிக்கு அந்த விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் கொடுக்கும் வேலை. முதலில் இருந்த விமானக் கம்பெனி மூடியபோது பெங்களூரு விமானமும் நின்றுபோயிற்று. அடுத்து வந்த கம்பெனி அவனை வைத்துக்கொண்டது. அவர்கள் கொடுத்த தொளதொளச் சட்டையை ஜாய்தான் பிடித்துத் தைத்தாள். கூடுதல் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்துவிட்டாள். வேலை போனால் சட்டையைத் திருப்பித் தர வேண்டுமே!

இப்போது அந்தக் கம்பெனியும் கை மாறிவிட்டது. சென்னை விமானம் நின்றது. சட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். ஜாய் தான் போட்ட தையலைத் தானே பிரித்து, தேய்த்துக் கொடுத்தனுப்பினாள். யாரை வைத்துக்கொள்வார்கள் என்று தகவல் இல்லை. பெர்சி சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போனான். சுடலைமாடத்திகூடக் கேலி பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, புதுக் கம்பெனில சட்டை அளவு கேக்காங்க. திங்கக்கிழமை டூட்டி. சென்னைக்குத் திரும்ப பிளேன் விடுதாங்களாம்."

ஜாய் மெஷினை நிறுத்தினாள். அளவு நாடாவை அவள் தேடவில்லை.

"மார்பு முப்பத்தாறு. இல்லலே, முப்பத்தெட்டுன்னே சொல்லு. இனிமே சோறு எறங்கும்லா?"