ஜானவாசத்தில் நின்ற கார்

மயிலாப்பூரிலேயே குறைவாக ஓடிய கார் எங்கள் அப்பாவுடையதுதான் என்று தைரியமாகச் சொல்வேன். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய வண்டி. ராகு காலம், எமகண்டம், மழை, வெயில் எல்லாம் போக மிச்சமிருக்கும் வேளையில்தான் டிரைவரிடம் சொல்லி அதை வெளியே எடுப்பார். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பும். மற்றபடி கொட்டகையில் நின்றுகொண்டு துடைக்கப்படுவதுதான் அதன் உத்தியோகம். துடைப்பவள் என் அத்தை, அப்பாவின் தங்கை.

அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானதும், ஜானவாசத்துக்கு வாடகைக் கார் எதற்கு, நம் காரே வரும் என்று அப்பா சம்பந்திகளிடம் மார்தட்டிவிட்டு வந்தார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து ஜானவாச ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளைக்குப் புதுக் கோட்டு, கழுத்து நிறைய மாலை. அவரைச் சுற்றிக் குழந்தைகள் ஏறிக்கொள்வது வழக்கம். நான் முண்டியடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் காராயிற்றே! தெருவில் நின்றவர்களையெல்லாம் ராணி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாட வீதி திரும்பியதும் காருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. குலுக்கும், பின்னால் டப்பென்று வெடிக்கும், மறுபடி குலுக்கும். கடைசியில் நின்றே போயிற்று. நாதஸ்வரக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“பெட்ரோலு கெட்டுப்பூட்டு கீது சாமி. எந்நேரமும் நிக்க வெச்சுக்கினே இருந்தா இன்னா ஆவும்?” என்றார் டிரைவர்.

“சகுனமே சரியில்லையே!” என்று மாப்பிள்ளையின் பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. ஜானவாசத்தோடு ஊர் திரும்பிய மாப்பிள்ளைகளும் அந்தக் காலத்தில் உண்டு. அத்தையின் கல்யாணமே நடுத்தெருவில் நிற்கிறது என்பது எனக்குக்கூட உறைத்தது.

மாப்பிள்ளை மட்டும் மாலைகளைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு இறங்கினார். பானெட்டைத் திறந்தார். கட்டைப்பிடி போட்ட திருப்புளி ஒன்றை வாங்கிக்கொண்டு, டிரைவரை ஹாண்டில் போட்டுச் சுற்றச் சொன்னார். கார் விக்கிக்கொண்டே கிளம்பியது. இன்ஜின் மேல் வரிசையாக நின்ற பிளக்குகளில் ஒவ்வொன்றின் தலையையும் திருப்புளியால் இன்ஜினோடு சேர்த்துத் தொட்டார். அப்படித் தொட்டால் அந்தப் பிளக் மட்டும் வேலை செய்யாதாம். முதல் மூன்றைத் தொட்டபோதும் வண்டி இன்னும் திணறியது. நாலாவதைத் தொட்டார். சத்தம் துளியும் மாறவில்லை.

“இதுதான். இது முன்னாடியே படுத்துண்டுடுத்து” என்று குனிந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். “யாரு இங்கே சந்தனம் வெச்சது?”

மற்ற மூன்றின் வெள்ளைப் பீங்கானிலும் கடுகளவு பொட்டு. நாலாவதிலோ கிண்ணத்தில் மீந்த சந்தனம் முழுவதையும் ஈரத்தோடு அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தது. அந்த ஈரத்தின் வழியாகவே மின்சாரம் நழுவிக்கொண்டிருந்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க அத்தைதான்! அவளுக்கு பானெட்டெல்லாம் திறக்கத் தெரியும். டிரைவர் வராட்டா அவதான் ரேடியேட்டருக்கு ஜலம் விடுவா!”

அப்பா என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பெண்ணுக்குப் பாட்டும் கோலமும்தான் தெரியும் என்று சம்பந்திகளிடம் சொல்லியிருந்தார்களாம்.

“பொண்ணு மோட்டார் வண்டியைத் திறக்கறாளா?” என்றார் பெரியப்பா.

மாப்பிள்ளை இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நாலாவது பிளக்கை அழுத்தித் துடைத்தார். கோட்டுக் கையில் கரி.

“இவ்வளவு சுத்தமா ஒரு இன்ஜினை நான் பார்த்ததே இல்லை, பெரியப்பா” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “சந்தனம்தான் கொஞ்சம் ஜாஸ்தின்னு உங்க அத்தைகிட்ட சொல்லு” என்றார்.

மறுபடி கிளப்பியதும் கார் வெண்ணெயாக ஓடியது. பெரியப்பாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். கல்யாண வீடு வரை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

வந்ததும் உள்ளே ஓடிப்போய் அத்தையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னார்? இன்னொரு தரம் சொல்லு” என்றாள். சொன்னேன். “சிரிச்சுண்டா சொன்னார்?” ஆமாம் என்றேன். “முதல்லேர்ந்து சொல்லேன்” என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. நாளைக்குத் தாலி கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குக் காது இவ்வளவு மந்தமாக இருந்தால், பாவம், அத்திம்பேர் பாடு திண்டாட்டம்தான் என்று நிஜமாகவே கவலைப்பட்டேன்.