பல்லில்லாதவர்களின் சஹன்

போன ஞாயிறு கிண்ணியாவில் ஹனீபாவின் மகளுக்குக் கலியாணம். போவதா, விடுவதா? ஒரு வாரமாக வீட்டில் இதே கதைதான்.

ஹனீபாவும் நானும் துறைமுக வேர்க்ஷொப்பில் ஒன்றாகக் கிரீஸில் குளித்தவர்கள். போகாவிட்டால் அவன் என் முகத்தில் முழிக்க மாட்டான். போனாலோ... சஹன்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய தட்டு நிறையப் புரியாணி. அதைச் சுற்றி ஆறு பேர் குந்தி, ஒரே தட்டில் சாப்பிடுவது. நீங்கள் விருந்தாளி என்றால் தொலைந்தது — மற்ற ஐந்து பேரும் தங்கள் பக்கத்து இறைச்சியை உங்கள் பக்கம் தள்ளுவார்கள். வேண்டாம் என்பது மரியாதை இல்லை.

எனக்கென்ன கஷ்டம்? கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது. கழற்றிப் பூட்டுகிற பல்செட் ஒன்று வைத்திருந்தேன். ஒருநாள் பஸ்ஸில் தும்மினேன்; அது முன் சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது. அன்றே முடிவெடுத்தேன் — இம்ப்ளான்ட்!

தாடை எலும்புக்குள் திருகாணியை இறக்குவார்கள். எலும்பு அதை இறுகப் பிடித்த பிறகு மேலே பல்லைப் பூட்டுவார்கள். எனக்குத் திருகாணி இறங்கிவிட்டது. எலும்பு பிடிக்க இன்னும் சில மாதம் வேண்டும்.

பல் டொக்டர் சின்னப் பிள்ளைதான்; ஆனால் கண்டிப்பானவள். "ஐயா, கடினமானது ஒண்டும் கடிக்கக்கூடாது. ஆணி ஆடினா, கழட்டிப்போட்டு முதல்ல இருந்துதான் தொடங்க வேணும்."

"பிள்ளை, நான் ஆயுள் முழுக்கத் திருகாணி முடுக்கினவன்" என்றேன்.

"அது இரும்பு. இது எலும்பு" என்றாள்.

மனைவி ஒரு வழி சொன்னாள். "இஞ்சாருங்கோ, வயித்துக்குச் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டு கடிக்கத் தேவையில்லாத வட்டிலப்பம் மட்டும் சாப்பிட்டிட்டு வாங்கோ."

பொய்யா? எனக்கு அது ஏலாது. ஹனீபாவுக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

"நீ வா மச்சான், பாப்பம்" என்றான். அவ்வளவுதான்.

போனேன். மாப்பிள்ளை வீட்டாரும் ஊர்ப் பெரியவர்களும் பந்தலின் நடுவில். ஹனீபாவின் தம்பி என்னை எங்கே கூட்டிப்போனான் தெரியுமா? பின்பக்கம், சமையல் அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மூலைக்கு! அங்கே நான்கு கிழவர்கள் ஏற்கனவே குந்தியிருந்தார்கள். கண்ணைக் கரிக்கும் புகை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை காலச் சிநேகிதத்துக்கு இதுதானா இடம்? எழும்பிப் போய்விடலாம் என்று காலை எடுத்தேன்...

சஹனைத் தூக்கிக்கொண்டு ஹனீபாவே வந்தான். மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு என் பக்கத்தில் குந்தினான்.

"என்ன மச்சான், மூஞ்சிய நீட்டிக்கிட்டு இருக்காய்?"

"ஏன்டா என்னை அடுப்படியில இருத்தினனி?"

அவன் எதிரில் இருந்த பெரியவரை அண்ணன் முறை சொல்லி, "காக்கா, வாயக் கொஞ்சம் திறங்க" என்றான்.

காக்கா திறந்தார். கீழே இரண்டு பல். மேலே வெறும் முரசு — ஈறு மட்டும். மற்ற மூன்று பேரும் சிரித்துக்கொண்டே திறந்தார்கள் — அதே கோலம்! கடைசியில் ஹனீபா தன் மேல்வரிசையையே கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். அட பாவி! இவ்வளவு நாளும் அதைச் சொந்தப் பல் என்றல்லவா நினைத்திருந்தேன்?

"இது நம்மட சஹன். இறைச்சி தனியா அவிச்சது. தொட்டுப் பாரு."

தொட்டேன். எலும்பை விட்டுத் தானாகக் கழன்று விழுந்தது.

ஐந்து பேரும் என் பக்கம் இறைச்சியைத் தள்ளினார்கள். நாக்காலேயே நசுக்கி விழுங்கினேன். திருகாணிகள் அசையவில்லை. பிறகு கேள்விகள்...

"ஆணி இறக்கக்குள்ள நோவுமா?"

"பல்லுப் பூட்டினாப் பிறகு நண்டுக்கால் கடிக்கலாமா?"

போன் வெளிச்சத்தை அடித்து ஆளுக்கு ஆள் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். என்ஜின் பார்க்கிற மாதிரி!

யோசித்துப் பாருங்கள். கண் மங்கினால் ஊரறியக் கண்ணாடி போடுகிறோம். பல் விழுந்தால் மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறோம். ஏன்? யாருடையதையும் களவெடுத்தோமா? சொன்னால்தானே இறைச்சியை இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் விடுவார்கள்!

புறப்படும்போது ஹனீபா சொன்னான். "பல்லுப் பூட்டிக்கிட்டு வா மச்சான். இளைய மகள்ட கலியாணத்துக்கு உன்ன நடுப்பந்தல்ல இருத்துறன்."

வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். நடுப்பந்தலில் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள் — அங்கே இறைச்சி சரியாக வேகவில்லையாம்.