ஆராதனைக்கு நடுவில் வெடித்த பழம்

ஆலங்குடிச் சாலையில் பலாப்பழ வண்டியைக் கடந்தால் போதும், எப்போதோ இடித்துவிட்ட எங்கள் ஓட்டு ஆலயத்துக்குள் மனசு போய் உட்கார்ந்துவிடும். வீட்டு மரம் முதன்முதலாகக் காய்த்த வருஷம் அதில் ஒரே ஒரு காய்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதைத் தட்டிப் பார்ப்பதே எனக்கு வேலை. அது பழுத்த ஞாயிற்றுக்கிழமை, "மொதப் பழம் கர்த்தருக்குடி, அடுத்த வருசம் ஒனக்கு" என்று அம்மா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்க, நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். பீடத்தடியில் வைத்த பழம் ஓட்டுச் சூட்டில் பிரசங்கத்துக்கு நடுவிலேயே வெடித்தது. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் மூக்கைத் தூக்கினோம். ஒரே வசனத்தை இரண்டு தடவை வாசித்த போதகர், கடைசியில் சிரித்துவிட்டு, "ஆமென் சொல்லுங்க, அறுத்துருவோம்" என்றார். அப்படியொரு ஆமென்னை அந்தக் கூரை அதற்கு முன் கேட்டிருக்காது. எல்லோருக்கும் சுளை கிடைத்தது, எனக்கும்தான். "நாங் குடுத்ததுல நானே கை வைக்கவா?" என்று அம்மா மட்டும் வாங்கவில்லை, நாங்கள் தின்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த வாசனை பாய்களில் வாரக்கணக்கில் தங்கியது. கண்ணை மூடி ஜெபிக்கும்போதெல்லாம் கர்த்தரின் வாசனையே அதுதான் என்று நம்பினேன். பழம் சுமந்த அம்மாவின் தலைமுடியிலும் அதே வாசனைதான் இருந்தது.