பால் கொடுத்த மாமி

ஆசிரியப் பயிற்சிக்குப் படித்த நாட்களில் ‘ஃபொஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினேன். ‘வளர்த்தல்’ என்று இருந்தது. பால் கொடுத்தவளையும் ஆங்கிலத்தில் ‘ஃபொஸ்டர் மதர்’, அதாவது வளர்ப்புத் தாய் என்பார்களாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பக்கத்து வீட்டு மாமி என்னை வளர்க்கவில்லை. நான் பிறந்தபோது உம்மா காய்ச்சலில் கிடந்ததால், தன் மகனோடு எனக்கும் பால் கொடுத்தார். அவ்வளவுதான். சோறும் சட்டையும் அடியும் எனக்கு என் வீட்டில்தான்.

அந்த நாட்களில் எனக்கு மாப்பிள்ளை பேச நிந்தவூரிலிருந்து ஒரு தரகர் வந்தார். மாமி வீட்டில் நானும் இருக்கும்போதே தேநீர் குடித்தபடி, “வெளியூருக்கு ஏன் அலையிறீங்க? உங்கட மகனே இருக்காரே” என்றார்.

மாமி பாக்கு வெட்டுவதை நிறுத்தவில்லை.

“சும்மா கதைக்காதீங்க. இவள் என்ட பால் குடிச்ச புள்ள. ரெண்டு பேரும் கூடப்பிறந்த மாதிரி. மார்க்கத்தில கல்யாணம் கூடாதெண்டு தெரியாதா ஒங்களுக்கு?”

தரகர் தேநீரை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் மாமியின் மகன் சந்தையிலிருந்து மீனோடு வந்தான். தரகருக்காக இழுத்துப் போட்டிருந்த முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டேன்.